குத்தகை வயலில் யாருக்காக மண்ணைத் தேற்றுவது?

காவிரி டெல்டாவில் இரண்டு மூன்று ஏக்கர் பயிரிடுகிறவரை இயற்கை விவசாயத்துக்கு இழுத்ததில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் பேச்சுக்குப் பங்குண்டு. உரக்கடைக் கணக்கு நோட்டுக்கு அதைவிடப் பெரிய பங்கு. நாற்று விட்ட நாள்முதல் கடனில் வாங்கிய உரமும் மருந்தும் அறுவடையன்று வட்டியோடு களத்துக்கே வந்துவிடும். அந்தக் கடனிலிருந்து தலை தப்பினால் போதும் என்றுதான் பலர் உரத்துக்குப் பதிலாக ஜீவாமிர்தக் கரைசல் கலக்கத் தொடங்குகிறார்கள்.

கலக்குவதில் வித்தை ஒன்றுமில்லை. 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்போரத்துக் கைப்பிடி மண். நிழலில் வைத்துக் காலையும் மாலையும் குச்சியால் துழாவினால் இரண்டு நாளில் ஏக்கருக்கான கரைசல் தயார். ஆனால், டிராக்டர் வந்தபின் கொட்டிலில் மாடு ஏது? சாணத்தையும் காசுக்கு வாங்கிவிட்டுச் 'செலவில்லா விவசாயம்' என்றால் கேட்பவர் சிரிப்பார். மானியத்தில் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஒரு டிராக்டர் எருவுக்கு ஏற்றிறக்கக் கூலியே அதைத் தாண்டும்.

விளைந்ததை விற்பது அடுத்த பாடு. அரசுக் கொள்முதல் நிலையத்தில் யூரியா போடாத நெல்லுக்குத் தனி விலை கிடையாது. மாப்பிள்ளைச் சம்பாவை அரைத்து, புடைத்து, பையில் போட்டு நகரத்து வீடுகளுக்கு அனுப்ப விவசாயியே வியாபாரியாக வேண்டும். ஏற்றுமதிக்கான அங்ககச் சான்று என்றால், ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன்பே இரண்டு ஆண்டு நிலம் சுத்தமாக இருக்க வேண்டும். ஐந்து பேராவது குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறையில் செலவு குறைவு. அதிலும் மேல்வயலில் அடித்த மருந்து மடை வழியே இறங்குவதைத் தடுத்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் சமாளித்தவரையும் சாய்ப்பது குத்தகைதான். தமிழக அரசு 2023இல் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது, நல்லதுதான். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவருக்கு அதனால் என்ன ஆகும்? 1969இலேயே குத்தகை உரிமைப் பதிவுக்குச் சட்டம் வந்தாயிற்று. எழுதிக்கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உடைமைக்காரர் பயப்படுகிறார். கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று குத்தகைதாரர் பயப்படுகிறார். தக்கைப்பூண்டு மடக்கி உழுது, ஆட்டுக்கிடை போட்டு மண்ணைத் தேற்றச் சில ஆண்டுகள் ஆகும். தேறிய மண்ணைக் காட்டி உடைமைக்காரர் குத்தகையை ஏற்றினால், முதலில் கொட்டிய உழைப்புக்குக் கணக்குக் கேட்க இவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.