காக்கும் கலை

விளையாட்டரங்கிலே புள்ளி ஈட்டுபவனுக்குக் கரகோஷம் உண்டு; எதிரியின் புள்ளியைத் தடுப்பவனுக்கு அஃது அரிது. ஆயினும், வெற்றி பல வேளைகளிற் காப்பவன் கையிலேயே தங்கியிருக்கின்றது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட அணி 2017ஆம் ஆண்டின் இறுதியிற் கண்ட அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

வட கரோலினா மாநிலத்து டர்ஹம் நகரிலுள்ள அப்பல்கலைக்கழகத்தில் இவ்விளையாட்டு ஒரு திருவிழாவே எனலாம். 1940இல் திறக்கப்பெற்ற கமரன் உள்ளரங்கில் 9,314 பேரே அமரலாம். பேராட்டங்களுக்கு இடம்பெற விரும்பும் மாணவர், வெளியே கூடாரமடித்து வாரக்கணக்கிற் காத்திருப்பர். 1980 முதல் 2022 வரை பயிற்றுநராக விளங்கிய மைக் ஷெஷெவ்ஸ்கி, அதற்கு முன்னரே ஐந்து முறை தேசிய வெற்றியை ஈட்டித் தந்திருந்தார். ஆளுக்கு ஆள் நின்று மறிக்கும் காப்பே அவர் அணிகளின் பெருமை.

அவ்வாண்டு மார்வின் பாக்லி, வெண்டல் கார்ட்டர் முதலான முதலாண்டு மாணவர் நால்வர் அணியின் தூண்களாயினர். ஆட்டங்கள் தொடங்குமுன்னரே பத்திரிகையாளர் அவ்வணிக்கு முதலிடம் அளித்துவிட்டனர். முதற் பதினோர் ஆட்டங்களும் வெற்றியாகவே முடிந்தன. ஆனால், டெக்சாஸ் அணியிடம் 16 புள்ளிகளும், புளோரிடா அணியிடம் 17 புள்ளிகளும் பின்தங்கிய பின்னரே அது மீண்டது. வெற்றி மறைத்த குறையை டிசெம்பர் 9ஆம் நாள் பொஸ்டன் கல்லூரி 89–84 என வென்று வெளிப்படுத்திற்று.

இத்துணை வல்லவர்க்குக் காக்கத் தெரியாதா என இரசிகர் திகைத்தனர். எறியுந் திறனை ஒருவன் தன்னூரிலிருந்தே கொண்டுவரலாம். காப்போ தேர்வடம் போன்றது. ஐவரும் ஒருங்கே பற்றினாலன்றி நகராது. ஒருவன் தன் எதிரியைத் தவறவிட்டால், அயலில் நிற்பவன் அக்கணமே அவ்விடத்தை நிரப்பவேண்டும். அவன் விட்ட இடத்தை இன்னொருவன் அடைக்கவேண்டும். இவ்விணக்கம் நெடுநாள் ஒன்றாய் ஆடிப் பெறுவது. அந்நால்வருக்கோ நாட்கள் குறைவு. பள்ளி முடித்து ஓராண்டு கழியாதோரைத் தொழின்முறைக் கழகங்கள் ஏற்பதில்லை என்ற 2005ஆம் ஆண்டு விதியினால், சிறந்த இளைஞர் பலருக்குக் கல்லூரி ஓராண்டுத் தங்குமடமாயிற்று.

பெப்ரவரியிற் பயிற்றுநர் தம் பழைய முறையை விடுத்து, ஆளையன்றி இடத்தைக் காக்கும் வலயக் காப்பைக் கைக்கொண்டார். பெருமை சற்றுக் குன்றினும் பயன் விளைந்தது. எனினும், 2018 மார்ச் 25இல், கிறேசன் அலன் இறுதிக்கணத்தில் எறிந்த பந்து வளையத்திற் சுழன்று வெளியே வீழ்ந்தது. மிகைநேரத்தில் கன்சாஸ் அணி 85–81 என வென்றது. அவ்வாண்டே நால்வரும் கல்லூரியை நீங்கினர்.

நாற்று நட்ட மறுநாளே கதிரை நாடுவது இரசிகரின் ஆவல். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, கூடாரத்தில் நடுங்கிய மாணவனுக்கு ஆசைப்பட உரிமை உண்டு. ஆயினும், ஐவர் ஒருவராவதற்குக் காலம் வேண்டும். திறமைக்கு ஈடாக அக்காலத்தை எவராலும் பெற்றுவிட முடியாது.