விசிறி எப்போது சுழல வேண்டும்?

தைவானைச் சேர்ந்த ஏசர் நிறுவனம் 2008-ஆம் ஆண்டின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆஸ்பயர் ஒன், 8.9 அங்குலத் திரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையும் கொண்ட சிறிய மடிக்கணினியாகும். நெட்புக் என்று அழைக்கப்பட்ட அந்த வகைக் கணினிகளுக்காகவே இன்டெல் உருவாக்கிய ஆட்டம் என்270 செயலி அதில் பொருத்தப்பட்டிருந்தது. அச்செயலியின் வெப்ப வடிவமைப்பு வரம்பு, அதாவது தொடர்ந்து சுமையேற்றப்படும்போது அது வெளிவிடும் வெப்பத்துக்கென வடிவமைப்பாளர் ஒதுக்க வேண்டிய அளவு, 2.5 வாட் மட்டுமே. இத்தனை சிக்கனமான செயலிக்கு விசிறியே வேண்டியதில்லை என்று எண்ணத் தோன்றும். ஆயினும் அதில் விசிறி இருந்தது. செய்வதற்குப் பெரிய வேலை ஏதும் இல்லாத நேரத்திலும் அது சுழன்றது. அமைதியான அறையில் அதன் இரைச்சல் பயனர்கள் பலரின் குறையாக ஆயிற்று.

காரணம் செயலியில் இல்லை, அதன் துணைச் சில்லுகளில் இருந்தது. நினைவகத்தையும் திரைக்காட்சியையும் கவனித்துக்கொண்ட 945ஜிஎஸ்இ என்னும் சிப்செட்டின் வரம்பு 6 வாட்டாகவும், வட்டு, யுஎஸ்பி போன்றவற்றை இணைத்த உள்ளீட்டு வெளியீட்டுச் சில்லின் வரம்பு 3.3 வாட்டாகவும் இருந்தமையால், மொத்த 11.8 வாட்டில் செயலியின் பங்கு கால்பகுதிக்கும் குறைவே. மடிக்கணினியின் வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது செயலியை மட்டுமே குறைசொல்லும் வழக்கம் இன்றும் இருப்பதால் இந்தக் கணக்கு நினைவில் கொள்ளத்தக்கது. நினைவகக் கட்டுப்பாட்டையும் வரைகலையையும் செயலிக்குள்ளேயே சேர்த்து, 5.5 வாட் வரம்புடன் 2009 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஆட்டம் என்450 வந்த பின்னர் விசிறியில்லாத நெட்புக்குகளை உருவாக்குவது மேலும் எளிதாயிற்று.

விசிறி கொண்ட எந்த மடிக்கணினியானாலும் சில்லில் பிறக்கும் வெப்பம் வெளிக்காற்றை அடையும் பாதை ஏறத்தாழ ஒன்றே. சில்லின் மேற்பரப்பிலிருந்து வெப்பப் பசை எனப்படும் மெல்லிய பூச்சின் வழியாகத் தாமிரத் தகட்டுக்கும், அங்கிருந்து வெப்பக் குழாய் வழியாக இயந்திரத்தின் விளிம்புக்கும் அது செல்கிறது. வெப்பக் குழாய் என்பது, வெறும் தாமிரத் தண்டு போலத் தோன்றினும், உள்ளே காற்று அகற்றப்பட்டுச் சிறிதளவு நீர் அடைக்கப்பட்ட மூடிய குழாயாகும். அழுத்தம் குறைவாக இருப்பதால் நீர் 100 டிகிரிக்கு மிகக் கீழேயே ஆவியாகி, சூடான முனையிலிருந்து வெப்பத்தை ஏற்றுக்கொண்டு குளிர்ந்த முனைக்கு விரைந்து, அங்கே நீராக மாறி வெப்பத்தைக் கைவிட்டு, குழாயின் உட்சுவரில் அமைந்த நுண்துளைப் பூச்சின் வழியாகத் திரும்பிவருகிறது. 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செயற்படுத்திக் காட்டிய இந்த உத்தியே மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றுக்கு அடிப்படை. குழாயின் குளிர்முனையில் நெருக்கமாக அடுக்கப்பட்ட மெல்லிய உலோகத் தகடுகள் உள்ளன. அடிப்புறத் துளைகள் வழியே காற்றை உறிஞ்சிப் பக்கவாட்டில் தள்ளும் சிறு மையவிலக்கு விசிறி, அத்தகடுகளின் ஊடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றுகிறது.

இரைச்சல் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பிறக்கிறது. விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் சுழல்வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். ஆனால் ஒலியோ வேகத்தின் ஏறத்தாழ ஐந்தாம் மடிக்கு ஏற்ப உயர்வதால், வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும்போது இரைச்சல் சுமார் 15 டெசிபல் இறங்குகிறது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்கு ஒலி பாதியாகிவிட்டதாகத் தோன்றும் என்பதால் இது பெரிய ஆதாயம். சிறிய விசிறிக்கு உள்ள துன்பமும் இங்கேயே தெரிகிறது: விட்டம் குறைந்தால் அதே காற்றைத் தள்ள அது வேகமாகச் சுழன்றாக வேண்டும். தவிர, 29 இறக்கைகள் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 4,000 முறை சுழன்றால், இறக்கைகள் ஒரு புள்ளியைக் கடக்கும் வீதம் நொடிக்கு 1,900-க்கும் மேற்பட்டு, மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் அலைவெண் எல்லையை ஒட்டிவிடுகிறது. மேசைக் கணினியின் பெரிய விசிறி மெல்லிய காற்றோசையாக ஒலிக்க, மடிக்கணினியின் விசிறி கீச்சென்று எரிச்சலூட்டுவது இதனால்தான்.

அளவைவிட ஏற்ற இறக்கமே செவியை வாட்டுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே சீராக ஒலிக்கும் விசிறியை மனம் சிறிது நேரத்தில் மறந்துவிடும். நின்று நின்று எழும் விசிறியை அதனால் மறக்க இயலாது. எனவே விசிறி எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதோடு, எந்த வெப்பநிலையில் எழுந்து எந்த வெப்பநிலையில் அடங்குகிறது என்பதும் முதன்மையான கேள்வியாகிறது. இதை முடிவுசெய்வது, கணினி தொடங்கும்போதே விழித்துக்கொள்ளும் அடிப்படை மென்பொருளான பயாஸும், தாய்ப்பலகையிலுள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லும் ஆகும்.

ஆஸ்பயர் ஒன்னின் விசிறிக்கு விடுதலை கிடைத்ததும் இந்த இடத்தில்தான். அந்தக் கட்டுப்பாட்டுச் சில்லில் விசிறியின் நிலை எந்த முகவரியில் எழுதப்படுகிறது, வெப்பநிலை எந்த முகவரியில் படிக்கப்படுகிறது என்பதைத் தன்னார்வ நிரலாளர்கள் கண்டறிந்தனர். அதன் விளைவாக உருவான ஏசர்எச்டிஎஃப் என்னும் இயக்கி (வன்பொருளைக் கையாளும் சிறு நிரல்), 2009-இல் வெளியான, லினக்ஸ் இயக்க முறைமையின் கருப்பகுதியான கர்னலின் 2.6.31 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அந்த இயக்கி செய்வது மிக எளிய செயல்: வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸை எட்டினால் விசிறியை ஓடவிடும், 53-க்கு இறங்கினால் நிறுத்தும். இவ்விரண்டுக்கும் இடையே விடப்பட்ட 7 டிகிரி இடைவெளியில்தான் நுட்பம் இருக்கிறது. தொடங்கும் புள்ளியும் நிறுத்தும் புள்ளியும் ஒன்றாக இருந்தால், விசிறி சில நொடிகள் ஓடிக் குளிர்வித்து நின்று மீண்டும் உடனே எழும்; இடைவெளி அகலமாக இருந்தால் ஒருமுறை நின்ற விசிறி நெடுநேரம் அமைதி காக்கும்.

அந்த இயக்கியை எழுதியவர்களின் பொறுப்புணர்வு பாராட்டுக்குரியது, அதை விரித்துச் சொல்வது தகும். இயக்கி ஏற்றப்பட்டவுடன் விசிறியின் கட்டுப்பாட்டைத் தானாக எடுத்துக்கொள்வதில்லை. பயனர் வெளிப்படையாக ஆணையிடும்வரை பயாஸே ஆட்சி செய்கிறது. தனக்குத் தெரிந்த பட்டியலில் இல்லாத பயாஸ் பதிப்பைக் கண்டால் அது இயங்க மறுத்துவிடும், ஏனெனில் தவறான முகவரியில் எழுதுவது விசிறியை நிறுத்திவைத்து இயந்திரத்தையே எரித்துவிடக்கூடும். விசிறி தொடங்கும் வெப்பநிலையைப் பயனர் எவ்வளவு உயர்த்த விரும்பினாலும் 80 டிகிரிக்கு மேல் அது ஏற்பதில்லை. வெப்பநிலையைப் படிக்க இயலாமல் போனாலோ, கணினி உறக்க நிலைக்குச் சென்றாலோ, கட்டுப்பாட்டைப் பயாஸிடமே திருப்பி ஒப்படைத்துவிடுகிறது. அமைதியை நாடிச் செய்யப்படும் எந்த மாற்றமும், தான் தோற்றால் இயந்திரம் குளிர்ச்சியின் பக்கம் சாய்வதாக இருக்க வேண்டும் என்ற நெறி அந்த நிரலின் ஒவ்வொரு கிளையிலும் கடைப்பிடிக்கப்பட்டுள்ளது. இன்று இணையத்தில் கிடைக்கும் விசிறிக் கட்டுப்பாட்டு மென்பொருள்களைத் தேர்ந்தெடுப்போர் இந்த அளவுகோலைக் கொண்டே அவற்றை மதிப்பிடுவது நல்லது.

80 டிகிரி என்ற உச்சவரம்பு சில்லைக் காப்பதற்கு மட்டுமே தேவைப்படுவதன்று. இன்றைய செயலிகள் பல 100 டிகிரி வரை தாங்கிப் பின்னரே தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. ஆனால் சிறிய மடிக்கணினியில் செயலிக்கு மிக அருகே இருக்கும் லித்தியம் அயனி மின்கலத்துக்கு அந்தத் தாங்கும் திறன் கிடையாது. பொதுவாக 45 டிகிரிக்கு மேல் மின்னேற்றம் செய்யக்கூடாதென அத்தகைய கலங்களுக்கு வரையறுக்கப்படுகிறது, அதற்குக் கீழும் வெப்பம் கூடக்கூட அவற்றின் கொள்ளளவு விரைந்து குறைகிறது. விசிறியை அடக்கிவைத்துப் பெறும் அமைதிக்கு மின்கலம் விலை கொடுக்கிறது. மடியில் நெடுநேரம் வைத்திருப்பவரின் தோலில் வலைப்பின்னல் போன்ற நிறமாற்றம் உண்டாவதையும் மருத்துவ இதழ்கள் பதிவுசெய்துள்ளன.

இங்கே தமிழ்நாட்டு வாசகர் தனியே கருத வேண்டிய ஒன்று உண்டு. வெப்பம் வெளியேறும் வீதம், சில்லின் வெப்பநிலைக்கும் அறையின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. 60 டிகிரியில் எழும் விசிறி, 20 டிகிரி அறையில் 40 டிகிரி வேறுபாட்டைத் தன் வசம் வைத்திருக்கிறது. கத்திரி வெயில் காலத்தில் 38 டிகிரியாகக் கொதிக்கும் அறையில் அந்த வேறுபாடு 22 டிகிரியாகச் சுருங்குகிறது. அதாவது, விசிறியின் துணையின்றி அதே கணினி வெளிவிடக்கூடிய வெப்பம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் தம் மடிக்கணினிகளுக்கு 35 டிகிரியையே சூழல் வெப்பத்தின் மேல்வரம்பாகக் குறிப்பிடுவதையும் சேர்த்துப் பார்த்தால், குளிர்நாட்டுப் பயனர் ஒருவர் பரிந்துரைத்த வெப்பநிலை எண்களை வேலூரிலோ திருச்சியிலோ மே மாதத்தில் அப்படியே பொருத்துவது ஏன் பயன் தராது என்பது விளங்கும். மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து வேலை செய்வதும் உண்மையாகவே உதவும். அசையும் காற்று கணினியின் மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை நேரடியாக எடுத்துச் செல்கிறது.

விசிறியைக் கட்டுப்படுத்துவதைக் காட்டிலும் வெப்பத்தைப் பிறப்பிலேயே குறைப்பது மேலான வழி. டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்குவதால் செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் கடிகார வேகத்துக்கும் ஏற்பக் கூடுகிறது. வேகத்தை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருப்பதால், கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குச் செலுத்தப்படும் விலை மிகப் பெரிது. ஒரு செயலி 3.5 கிகாஹெர்ட்ஸில் 1.1 வோல்ட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் 0.8 வோல்ட்டும் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், இரண்டாம் நிலையில் வேகம் மூன்றில் ஒரு பங்களவு குறைகிறது, மின்செலவோ மூன்றில் ஒரு பங்களவுக்கே இறங்கிவிடுகிறது. இன்டெல் 2008-இல் நெஹலேம் தலைமுறையோடு அறிமுகப்படுத்திய டர்போ பூஸ்ட், தேவைப்படும்போது செயலியை அடிப்படை வேகத்துக்கு மேலே உந்திவிடும் ஏற்பாடு. கட்டுரை எழுதுவோருக்கும் கணக்குப் பார்ப்போருக்கும் அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. விண்டோஸின் மின்திட்ட அமைப்பில் செயலியின் அதிகபட்ச நிலையை 100 விழுக்காட்டிலிருந்து 99-ஆகக் குறைத்தால் பல கணினிகளில் டர்போ நின்றுவிடும். லினக்ஸிலும் அதை நிறுத்தும் வசதி கர்னலிலேயே உள்ளது. வேலையை விரைந்து முடித்துவிட்டு உறங்கச் செல்லும் செயலியே மொத்தத்தில் குறைந்த ஆற்றலைச் செலவிடும் என்ற வாதம் சில சூழல்களில் சரிதான்; ஆனால் விசிறியைத் தட்டியெழுப்புவது அந்தச் சில நொடி உச்சமே என்பதால், அமைதியை நாடுவோருக்கு அவ்வாதம் பொருந்தாது.

வேகத்தை இழக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் சற்றே தாழ்த்தும் முறையும் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. மின்னழுத்தத்தை மாற்ற உதவும் அதே வாயிலைப் பயன்படுத்திச் செயலியின் பாதுகாப்புப் பகுதியைத் தடுமாறச் செய்ய முடியும் என்பதை பர்மிங்ஹாம், கிராட்ஸ், லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளண்டர்வோல்ட் என்ற பெயரில் 2019 டிசம்பரில் வெளியிட்ட பிறகு, பல மடிக்கணினிகளில் பயாஸ் புதுப்பிப்பின் வழியே அது பூட்டப்பட்டுவிட்டது.

சில ஆண்டுகள் ஓடிய கணினி முன்பைவிடக் கூடுதலாக இரைந்தால், மென்பொருளைத் தொடுவதற்கு முன் அதன் உட்புறத்தைப் பார்ப்பதே முறை. விசிறிக்கும் தகட்டடுக்குக்கும் இடையே தூசியும் நூலிழையும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல் படிந்து காற்றின் வழியை அடைத்துவிடுகின்றன. வெளியிலிருந்து ஊதினால் அது உள்நோக்கிப் புரளுமேயன்றி வெளியேறாது. அடிமூடியைக் கழற்றி, முதலில் மின்கலத்தின் இணைப்பைப் பிரித்துவிட்டு, விசிறியின் இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். காற்றின் விசையில் கட்டுமீறிச் சுழலும் விசிறியின் தாங்கி கெட்டுவிடும் என்பதே இதன் காரணம். வெப்பப் பசையும் ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறுவதால் விளிம்புகளுக்கு ஒதுங்கி நடுவே வறண்டுவிடுகிறது. பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதியதை மெல்லிதாக இட்டாலே பல நேரங்களில் இயந்திரம் பழைய அமைதிக்குத் திரும்பும். காலியம் கலந்த திரவ உலோகப் பசை வெப்பத்தை மேலும் நன்றாகக் கடத்துமெனினும் அலுமினியத்தை அரித்துச் சிதைத்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். பழக்கமில்லாதவர் அதைத் தவிர்ப்பதே சரி. மெத்தையின் மீதோ தலையணையின் மீதோ வைத்தால் அடிப்புறத் துளைகள் அடைபடும் என்பது பலரும் அறிந்ததே. பின்புறத்தை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி வைப்பது விலையுயர்ந்த குளிர்விப்பு மேடைகள் பலவற்றுக்கு ஈடான பயன் தரும்.

விசிறியே இல்லாத மடிக்கணினியைத் தேர்வதும் ஒரு வழிதான். ஆப்பிள் 2015-இல் வெளியிட்ட 12 அங்குல மேக்புக்கும், எம்1 சில்லுடன் 2020 நவம்பரில் வந்த மேக்புக் ஏரும் முற்றிலும் ஓசையற்றவை. நீண்ட காணொளித் தொகுப்பு போன்ற தொடர்சுமையில் அவை வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதற்கு ஈடுசெய்கின்றன.

கையிலிருக்கும் கணினியின் ஓசை காற்றோசையாக அல்லாமல் உராய்வாகவோ கரகரப்பாகவோ கேட்டால், பெரும்பாலும் தூசியோ வெப்பநிலையோ காரணமன்று. விசிறியின் தாங்கியிலிருந்த எண்ணெய் வற்றியிருக்கக்கூடும். அதற்காகக் கணினியையே கைவிடுவோர் இருப்பது வருத்தத்துக்குரியது, ஏனெனில் பெரும்பாலான மடிக்கணினிகளில் விசிறி சில திருகாணிகளால் மட்டுமே பொருத்தப்பட்ட தனி உதிரிப்பாகமாகும். மாற்றும்போது கணினியின் மாதிரி எண்ணைக் கொண்டு வாங்காமல், பழைய விசிறியின் மீதே அச்சிடப்பட்ட எண்ணையும், இணைப்பு முனையில் மூன்று கம்பிகளா நான்கா என்பதையும் ஒப்பிட்டு வாங்க வேண்டும். மூன்றாவது கம்பி சுழல்வேகத்தைத் தெரிவிப்பது, நான்காவது வேக ஆணையைப் பெறுவது, இவை பொருந்தாவிட்டால் பயாஸ் விசிறியை அடையாளம் காணாமல் பிழை காட்டும், அல்லது அதை முழு வேகத்திலேயே ஓடவிடும்.