அரிய குடும்பப்பெயரும் குடிவழி ஆய்வும்: அயர்லாந்தின் லெ ஃபானு குடும்பத்தை முன்வைத்துப் பென்னாகரம் வட்டார ஆவணங்கள் குறித்த ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சேலம் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த ஹென்றி லெ ஃபானுவின் குடும்பப்பெயர் அயர்லாந்தில் மிக அரிதானது. அத்தகைய பெயரைக் கொண்டு முன்னோரைத் தேடும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அரிய பெயர் தேடலின் பரப்பைக் குறைக்குமேயன்றி உறவை மெய்ப்பிக்காது என்பதும், பெயர், ஊர், காலம், உறவுமுறை ஆகியன ஆவணங்களில் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும்போதே குடிவழி நிறுவப்படுகிறது என்பதும் இதன் கருதுகோள். குடும்பப்பெயர் வழக்கமே இல்லாத பென்னாகரம் வட்டார மக்களின் முன்னோரைத் தேடுவதற்கு இம்முறை எவ்வளவு பொருந்தும் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குடும்பப்பெயர், குடிவழி, லெ ஃபானு, சேலம் மாவட்டக் கையேடு, பென்னாகரம், நேட்டால் கப்பல் பட்டியல்கள்.

1. முன்னுரை

பென்னாகரம் வட்டாரத்தின் 19ஆம் நூற்றாண்டு நிலையை அறிய விழைவோர் முதலில் நாடும் நூல்களுள் ஒன்று, 1883இல் சென்னையில் அரசு அச்சகம் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடு. 1965 அக்டோபர் 2ஆம் நாள் தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை பென்னாகரம் சேலம் மாவட்டத்தைச் சார்ந்தே இருந்தது. ஆதலின் இவ்வட்டாரத்தின் நிலவரி, பஞ்சம், குடிகள் பற்றிய செய்திகளுக்கு ஆய்வாளர் அக்கையேட்டைச் சான்று காட்டுவது இயல்பு.

ஆயின் சான்று காட்டப்படும் நூலின் ஆசிரியர் யார், எப்பின்புலத்திலிருந்து வந்தவர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. கையேட்டின் முகப்பில் உள்ள ‘லெ ஃபானு’ என்னும் பெயர் ஆங்கிலப் பெயரன்று. டப்ளினில் நிலைபெற்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுக் குடும்பம் ஒன்றின் பெயராக அறியப்படுவது. அப்பெயரின் வழியே பின்னோக்கிச் செல்லும் முயற்சி, ஆவணங்கள் எவற்றைக் காட்டும், எவற்றைக் காட்டா என்பதைத் தெளிவாக உணர்த்துகிறது.

2. லெ ஃபானு: பெயரின் வரலாறு

1685இல் பிரான்சின் பதினான்காம் லூயி நான்ட் அரசாணையை நீக்கியபின் அந்நாட்டுப் புராட்டஸ்டண்டினர் பலர் அயல்நாடுகளில் தஞ்சம் புகுந்தனர். ஹியூகனாட்டுகள் எனப்பட்ட அவர்களுள் ஒரு பகுதியினர் அயர்லாந்தில் குடியேறினர். நார்மண்டியின் கான் நகரைப் பூர்வீகமாகக் கொண்ட லெ ஃபானு குடும்பம் 18ஆம் நூற்றாண்டில் டப்ளினில் வேரூன்றியது.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்குடும்பத்தின் சகோதரர் இருவர், நாடக ஆசிரியர் ரிச்சர்டு பிரின்ஸ்லி ஷெரிடனின் சகோதரியர் இருவரை மணந்தனர். ஜோசப் லெ ஃபானு 1781இல் அலிசியாவையும், கேப்டன் ஹென்றி லெ ஃபானு 1789இல் எலிசபெத்தையும் மணந்தனர். ஜோசப்பின் மகன் தாமஸ் ஃபிலிப் சமயகுருவாக விளங்கினார். தாமஸ் ஃபிலிப்பின் மக்களுள் ஒருவர் புகழ்பெற்ற புதின ஆசிரியர் ஷெரிடன் லெ ஃபானு (1814–1873); மற்றொருவர் பொறியாளர் வில்லியம் ரிச்சர்டு (1816–1894). இக்குடும்பத்தின் வரலாற்றை 1924இல் தாமஸ் ஃபிலிப் என்னும் அதே பெயருடைய வழித்தோன்றல் ஒருவர் நூலாக்கினார்.

3. அரிய பெயர் தரும் பயனும் இடரும்

1894இல் ராபர்ட் மேதிசன் அயர்லாந்தின் குடும்பப்பெயர்கள் பற்றிய சிறப்பறிக்கையை வெளியிட்டார். 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்ட அவ்வறிக்கையில் மர்ஃபி என்னும் பெயர் முதலிடம் பெற்றது. மர்ஃபி என்னும் பெயருடைய ஒருவரின் முன்னோரைத் தேடுவோர் முதலில் ஊரை அறிந்தாக வேண்டும். இன்றேல் ஒரே பெயருடைய பல்லாயிரவருள் தமக்குரியவரைப் பிரித்தறிதல் இயலாது. லெ ஃபானு போன்ற பெயரில் இத்தடை இல்லை. பட்டியலில் அப்பெயர் தென்படும் இடமெல்லாம் ஆராயத்தக்க இடமாகிவிடுகிறது.

இவ்வெளிமையே பிழைக்கும் வழிகோலுகிறது. பெயர் அரிது என்பதால் அதனைத் தாங்கியோர் அனைவரையும் ஒரே நேர்வழியில் கோத்துவிடும் ஆசை எழுகிறது. லெ ஃபானு குடும்பத்தில் ஹென்றி என்னும் இயற்பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. எலிசபெத் ஷெரிடனின் கணவர் ஒரு ஹென்றி. சேலம் கையேட்டின் ஆசிரியர் மற்றொரு ஹென்றி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரப் பேராயராக விளங்கிய ஹென்றி ஃபிரூவென் லெ ஃபானு வேறொருவர். முதலாமவர் 1789இல் மணம் புரிந்தவர். மூன்றாமவர் 1870இல் பிறந்தவர். கையேடு வெளிவந்தபோது அவருக்கு வயது 13. எனவே காலக் கணக்கு ஒன்றே மூவரையும் வேறுபடுத்திவிடுகிறது. தலைமுறை இடைவெளி இதனினும் குறைவாக இருப்பின் பெயரும் காலமும் மட்டும் போதா; தந்தை பெயரும் பிறந்த இடமும் குறித்த ஆவணம் இன்றியமையாதது.

எழுத்துவேறுபாடு இரண்டாவது இடர். இப்பெயர் இரு சொல்லாகவும் ஒரே சொல்லாகவும் எழுதப்படுகிறது. எலிசபெத் ஷெரிடனின் கடிதங்களை 1960இல் பதிப்பித்த வில்லியம் லெஃபானு தம் பெயரைச் சேர்த்தே எழுதினார். அகரவரிசைப் பட்டியலில் ஒரு பெயர் ‘லெ’ என்பதன்கீழ் இருக்கலாம். ‘ஃபானு’ என்பதன்கீழும் இருக்கலாம். ஒரு வடிவத்தை மட்டும் தேடுவோர் பாதிச் சான்றை இழப்பர்.

4. அயர்லாந்து ஆவணங்கள்: இழப்பும் எச்சமும்

1922 ஜூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் பெரும்பகுதி அத்தீயில் அழிந்தது. 1861, 1871 ஆண்டுகளின் வீட்டுப் படிவங்கள் புள்ளிவிவரம் எடுக்கப்பட்டபின் அரசாலேயே முன்னர் அழிக்கப்பட்டிருந்தன. 1881, 1891 ஆண்டுப் படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. நாடு முழுமைக்கும் எஞ்சியுள்ள பழைய கணக்கெடுப்புகள் 1901, 1911 ஆண்டுகளுக்குரியன.

எனினும் தேடல் அங்கு முடிந்துவிடவில்லை. 1823–1837 காலத்துத் திருச்சபை வரி ஏடுகளும், 1847–1864 காலத்து கிரிஃபித் நில மதிப்பீடும் நிலம் வைத்திருந்தோரின் பெயர்களை ஊர்வாரியாகத் தருகின்றன. அயர்லாந்தின் மிகச்சிறிய நில அலகான ‘டவுன்லேண்ட்’ 60,000க்கும் மேற்பட்டது. நம் வருவாய்க் கிராமத்தோடு ஒருவாறு ஒப்பிடத்தக்கது. 1864 முதல் அனைவரின் பிறப்பு, இறப்பு, திருமணங்களும் அரசால் பதிவு செய்யப்பட்டன.

லெ ஃபானு போன்ற குடும்பங்களுக்கு மற்றொரு பேறு வாய்த்தது. 1885இல் தோன்றிய லண்டன் ஹியூகனாட்டுக் கழகம், டப்ளின் பிரெஞ்சுத் திருச்சபைகளின் பதிவேடுகளை 1893, 1901 ஆண்டுகளில் அச்சிட்டது. 1536 முதல் 1810 வரையிலான உயில்களின் பட்டியலை ஆர்தர் விகர்ஸ் 1897இல் வெளியிட்டார். மூல உயில்கள் எரிந்தபின்னும் அச்சேறிய பட்டியல் நிலைத்தது. இங்ஙனம் வெளியான அச்சுப் பிரதிகளையும் படிகளையும் திரட்டி, எரிந்த காப்பகத்தை இணையத்தில் மீட்டமைக்கும் திட்டம் 2022இல் நூற்றாண்டு நினைவாகப் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது.

5. அயர்லாந்துக்கும் சென்னைக்கும் இடையே

இந்தியாவில் பணிபுரிந்த அயர்லாந்தினரைப் பற்றிய சான்றுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. கம்பெனி ஆட்சியில் எழுத்தர் பதவிக்கு விண்ணப்பித்தோர் திருமுழுக்குச் சான்று இணைக்க வேண்டியிருந்தது. 1855 முதல் போட்டித் தேர்வு முறை வந்தது. சென்னை மாகாணத் தேவாலயங்களில் நிகழ்ந்த திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1905இல் ஜே. ஜே. காட்டன் தொகுத்த கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலும் துணைநிற்கும்.

கையேட்டின் ஆசிரியரைக் குடும்ப மரத்தின் உரிய கிளையில் வைப்பதற்குப் பின்பற்ற வேண்டிய வரிசை இதுவே: பணிப்பதிவிலிருந்து பிறந்த ஆண்டும் இடமும், அவற்றிலிருந்து திருமுழுக்குப் பதிவும் தந்தை பெயரும், அங்கிருந்து அச்சேறிய குடும்ப வரலாறு. புகழ்பெற்ற புதின ஆசிரியரிடமிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வருவது, விரும்பிய முடிவுக்கேற்பச் சான்று தேடுவதாகிவிடும்.

6. குடும்பப்பெயர் இல்லாத பென்னாகரம்

லெ ஃபானு தொகுத்த கையேடு எவரைப் பற்றியதோ, அம்மக்களின் குடிவழியைத் தேடும்போது நிலைமை தலைகீழாகிறது. பென்னாகரம் வட்டார ஆவணங்களில் ஒருவர் ‘இன்னார் மகன் இன்னார்’ என்றே குறிக்கப்பெறுகிறார். தந்தையின் பெயர் ஒரு தலைமுறைக்குமேல் தொடர்வதில்லை. ஆயினும் ஒழுங்கு இல்லாமற் போகவில்லை. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ‘பெயரன்’. அதுவே ‘பேரன்’ எனத் திரிந்தது. ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர் மீளும் இவ்வழக்கம், தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடும் அயர்லாந்தின் மரபோடு ஒத்தது. லெ ஃபானு குடும்பத்து ஹென்றிகள் விளைக்கும் மயக்கத்தையே இங்கும் ஒரே பெயருடைய பாட்டனும் பேரனும் விளைக்கின்றனர்.

இந்தியக் கணக்கெடுப்பின் பழைய வீட்டுப் படிவங்கள் பேணப்படவில்லை. எனவே பட்டா, நிலவரித் திட்டப் பதிவேடு, 1865 முதல் பதிவான கிரயப் பத்திரங்கள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவையே அடிப்படைச் சான்றுகள். பத்திரங்களில் தந்தை பெயரும் வசிக்கும் ஊரும் சேர்ந்தே வருவதால், அயர்லாந்தில் அரிய பெயர் ஆற்றும் பணியை இங்கு ‘தந்தை பெயர் – ஊர்’ என்னும் இணை ஆற்றுகிறது. ஆனால் நிலமற்றோர் இவற்றுள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இக்குறையின் அளவைப் பஞ்சக் காலம் காட்டுகிறது. 1876–78 பெரும்பஞ்சத்திற்கு முன் 1871இல் சேலம் மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் ஏறத்தாழ 16 லட்சம். பத்தாண்டில் ஐந்திலொரு பங்கிற்குச் சற்றே குறைவான மக்கள் குறைந்தனர். அயர்லாந்தின் பெரும்பஞ்சத்தையொட்டி, 1841இல் ஏறத்தாழ 81.75 லட்சமாக இருந்த அந்நாட்டு மக்கள்தொகை 1851இல் 65.5 லட்சமாகக் குறைந்தது. அதுவும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே. சாவு, புலப்பெயர்வு இரண்டும் இவ்வெண்களில் அடங்கும். அயர்லாந்தில் எஞ்சியோரின் பெயர்களைச் சிறு நிலம் வைத்திருந்தோர் உட்படக் கிரிஃபித் மதிப்பீடு காத்தது. சேலத்தில் இழப்பு பெரும்பாலும் எண்ணாகவே நின்றது.

7. கடல் கடந்தோர் பட்டியல்கள்

நிலமற்றோரின் பெயர் விரிவாகப் பதிவான ஆவணவகை ஒன்று உண்டு. அது அவர்கள் ஊரைவிட்டு அகன்றபோது எழுதப்பட்டது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னையிலிருந்து 1860 அக்டோபரில் புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றோரில் சேலம் மாவட்டத்தாரும் இருந்தனர்.

இக்கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உடல் அடையாளம் ஆகியன தனித்தனிக் கட்டங்களில் இடம்பெறுகின்றன. தேடலுக்கு வேண்டிய பெயர், ஊர், காலம், உறவுமுறை நான்கும் ஒரே வரியில் அமைந்திருப்பது இவற்றின் தனிச்சிறப்பு.

புலம்பெயர்ந்த நாட்டில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. தொழிலாளியின் இயற்பெயரோ சாதிப்பட்டமோ அவர்தம் வழித்தோன்றல்களுக்கு நிலையான குடும்பப்பெயராயிற்று. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனதும் முதலியார் ‘மூட்லி’ ஆனதும் பரவலான வழக்கு. இவை மர்ஃபி போன்றவை. ஒரு தனியாளின் இயற்பெயர், எழுத்தரின் செவிக்கு எட்டியவாறு எழுதப்பட்டு உறைந்திருப்பின் அது லெ ஃபானு போன்ற அரிய பெயராகிவிடுகிறது. அப்பெயருடையோர் முதலில் தேட வேண்டியது அப்பெயரைத் தாங்கிய முதல் மூதாதையின் ஒப்பந்த எண்ணையே.

ஊர்ப்பெயரைப் படிக்கையிலும் விழிப்பு வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பென்னாகரம் தர்மபுரி வட்டத்துள் அடங்கியிருந்தது. இன்றைய மாவட்டப் பெயரைக் கொண்டு தேடினால் பதிவு கிட்டாது. மாவட்டக் கட்டத்தில் சேலத்தையும் வட்டக் கட்டத்தில் தர்மபுரியையும் தேட வேண்டும். தர்மபுரியே தாமஸ் மன்றோ காலத்துக் கடிதங்களில் ‘தாரம்பூரி’ என்னும் ஒலிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. ஒற்று இரட்டிப்பு, னகர ணகர வேறுபாடு, நெடில் குறில் ஆகியன ஆங்கில எழுத்தில் மறைவதால், தமிழ் ஒலியமைப்பு அறிந்தவரே ஊரை மீட்டெடுக்க இயலும். மொழியறிவு இங்கு நேரடியாக வரலாற்றுச் சான்றாகிறது.

8. முடிவுரை

ஒரே மாவட்டத்தைப் பற்றிய ஆவண உலகில், கையேட்டை எழுதியவரின் குடும்பத்தை நார்மண்டிவரை தொடர முடிகிறது. அக்கையேட்டில் எண்களாக இடம்பெற்றோரை இரண்டு மூன்று தலைமுறைக்குமேல் தொடர்வது அரிதாகிறது. இவ்வேறுபாடு பெயரின் அருமையால் மட்டும் நேர்ந்ததன்று. எவரின் ஆவணங்கள் படியெடுக்கப்பட்டு அச்சேறின என்பதால் நேர்ந்தது. டப்ளின் தீயை லெ ஃபானு குடும்பம் பற்றிய சான்றுகள் கடந்துவந்தமைக்குக் காரணம், 1922க்கு முன்பே சிலர் பதிவேடுகளைப் பெயர்த்தெழுதி வெளியிட்டதே.

பென்னாகரம் வட்டாரத்தின் பழைய கிராமக் கணக்குகள், பள்ளிப் பதிவேடுகள், குடும்பங்களில் பேணப்படும் பத்திரங்கள் ஆகியவற்றை ஊர்வாரியாகப் பட்டியலிட்டு, நேட்டால் பட்டியல்களின் சேலம் மாவட்டப் பதிவுகளோடு ஒப்பிடுவது கல்லூரித் தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் இணைந்து செய்யத்தக்க பணி. தாளும் மையும் நிலைத்திருக்கும் காலத்திற்குள் செய்யவேண்டிய பணியும் அதுவே.