களப்பு மீன்பிடிக்கேற்ற சிறு வள்ளத்தைத் தெரிதல்

யாழ்ப்பாணக் கடனீரேரி, மட்டக்களப்பு வாவி ஆகியவற்றின் கரையை அடுத்து நெல்லும் காய்கறியும் செய்யும் கமக்காரருட் சிலர், பெரும்போக அறுவடை முடிந்தபின் மீன்பிடித்தும் பொருளீட்டுவர். நெல் விற்ற பணத்தில் வள்ளம் வாங்க விரும்புவோர் விலையையும் நீளத்தையும் மாத்திரம் நோக்கித் தீர்மானித்தலாகாது. பொருத்தமற்ற வள்ளம் மலிவாகக் கிடைப்பினும், ஈற்றில் பணத்தையும் சிலவேளை உயிரையும் பறித்துவிடும்.

நீரின் தன்மை

ஆழங்குறைந்த களப்பிற் கோலூன்றிச் செலுத்துவதற்குத் தட்டையான அடியுடைய வள்ளமே ஏற்றது. அலை உடையும் கடற்கரைக்கு இஃது உகந்ததன்று. அங்கே தெப்பமும் கட்டுமரமும் பயன்படுவதற்குக் காரணம், அவற்றில் நீர் நிரம்பக்கூடிய குழிவு இல்லாமையேயாம். சோளகக்காற்றுப் பலமாக வீசும் மாதங்களில் அகன்ற களப்பிலும் அலை எழும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வள்ள வகைகள்

மரவள்ளத்தை ஊரிலேயே பழுதுபார்க்கலாம். ஆயினும், உவர்நீரில் இடையறாது கிடந்தால் மரந்துளைக்கும் புழுக்கள் அதனை அரித்துவிடும். கண்ணாடியிழை வள்ளத்தைப் புழு தாக்காது. கல்லில் மோதினால் வெடிக்கும். கயாக் எனப்படும் சிறு பிளாஸ்டிக் படகுகளில், மேலே அமர்ந்து செலுத்தும் மூடிய வகை பாரங்குறைந்தது. மேலே விழும் நீர் துளைகள் வழியே வடிந்துவிடும். ஆனால் அதில் வலைக்கு இடம் போதாது. தூண்டிலிடும் ஒருவருக்கே அது பொருந்தும். நெடுநாள் வெயிலிற் கிடந்தால் பிளாஸ்டிக்கு நொய்ந்துவிடும்.

மாரி விதைப்புத் தொடங்கியதும் வள்ளம் பல வாரங்கள் கரையிலேயே கிடக்கும். ஆகையால், வீட்டிலுள்ள இருவர் இழுத்துக் கரையேற்றிக் கிடுகுக் கொட்டிலில் வைக்கத்தக்க பாரமுள்ளதைத் தெரிதல் நன்று.

சுமையைக் கணித்தல்

4 மீற்றர் நீளமும் 80 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பெட்டி வடிவான வள்ளம் 1 சென்ரிமீற்றர் தாழ்வதற்கு ஏறக்குறைய 32 கிலோகிராம் சுமை வேண்டும். இருமுனையும் ஒடுங்கியிருப்பின் ஏறக்குறைய 22 கிலோகிராம் போதும். இருவரின் நிறை 120 கிலோகிராமும், வலையும் மீனும் 60 கிலோகிராமும் எனக் கொண்டால், ஒடுங்கிய வள்ளம் ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர் தாழும். சுமை ஏற்றிய பின்னரும் நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாணுக்குக் குறையாத விளிம்பு தெரிதல் வேண்டும்.

பழைய வள்ளத்தைச் சோதித்தல்

1. வள்ளத்தைக் கட்டைகளின் மேல் உயர்த்தி வைத்து உள்ளே நீர் ஊற்றுக. ஒழுக்கு உள்ள இடங்கள் வெளிப்புறத்திற் புலப்படும்.

2. மரவள்ளத்தின் அடிப்பாகத்தைக் கத்தி நுனியாற் குத்திப் பார்க்க. நுனி எளிதில் இறங்கினால் மரம் உளுத்துள்ளது என அறிக.

3. கண்ணாடியிழையை நாணயத்தால் தட்டுக. படைகள் பிரிந்த இடத்தில் மந்தமான ஒலி எழும்.

4. ஆழமற்ற நீரில் இருவர் ஏறி ஒரு பக்கம் சாய்ந்து பார்க்க. எளிதிற் கவிழ முற்படுவதை வாங்கலாகாது.

ஏனைய செலவுகள்

துடுப்பு, நங்கூரம், கயிறு, நீர் இறைக்கும் பாத்திரம், ஆளுக்கோர் உயிர்காப்பு அங்கி ஆகியவற்றின் விலையையும் வள்ளத்தின் விலையோடு கூட்டிப் பார்த்தல் வேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் வள்ளத்துக்கே கொடுத்துவிட்டு அங்கியின்றிச் செல்வது சிக்கனமன்று. அடுத்த போகத்தின் விதைநெல்லுக்கும் பசளைக்கும் வேண்டிய தொகையை முதலில் ஒதுக்கி, எஞ்சியதைக் கொண்டே வாங்குக.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்படி மீன்பிடி வள்ளங்கள் பதிவு செய்யப்படல் வேண்டும். பழையதை வாங்குவோர் விற்பவரின் பதிவுப் பத்திரத்தைப் பார்வையிட்டு, உரிமையைத் தம் பெயருக்கு மாற்றுவது பற்றிக் கடற்றொழிற் பரிசோதகரிடம் முன்னரே கேட்டறிதல் உசிதமாகும்.