மக்கள் நலச் செவிலியம் – 6: தறிக்குழியும் பணித்திறனும்

சென்ற பகுதியில் விளக்கப்பட்ட கல்வித் தகுதி, செவிலியர் ஒருவர் எதைப் படித்துத் தேறியிருக்கிறார் என்பதைக் காட்டுவது. பணித்திறன் என்பதோ, படித்ததை இடமும் ஆளும் அறிந்து, அருகில் மருத்துவர் இல்லாத நிலையிலும் முடிவெடுத்துச் செயற்படுத்தும் ஆற்றலைக் குறிப்பது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் செவிலியர் அமைப்புகளின் குவாட் கவுன்சில் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட வரையறை, இவ்வாற்றலை எட்டுத் துறைகளாகவும் மூன்று பதவி நிலைகளாகவும் பகுத்து, ஒரு சமூகத்தின் நிலையை மதிப்பிட்டு ஆராயும் திறனை அவற்றுள் முதலாவதாக வைக்கிறது.

இந்தியாவில் துணைச் செவிலியரைப் பல்நோக்குப் பணியாளராக மாற்றும் சிந்தனை 1973இன் கர்தார் சிங் குழு அறிக்கையில் உருப்பெற்றது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் அவர் இன்று தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றுகிறார். ஆனால் மக்கள்தொகைக்கு எத்தனை பேர் என்ற கணக்கு, அந்த ஊரின் தொழில் எது என்று கேட்பதில்லை.

பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இக்கேள்வி தவிர்க்க இயலாதது. அங்கே குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருப்பதால், வீடும் தொழிற்கூடமும் ஒன்றாகிவிடுகின்றன. நெய்பவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்தபடி, மெல்லிய இழைகள் மீது கண்ணை நிறுத்தி நெடுநேரம் அமர்ந்திருக்கிறார். அவர் கருவுற்ற பெண்ணாக இருந்தால் கால் வீங்குவது எதிர்பார்க்கக்கூடியதே என்பதால், பழியைத் தறிமேல் போட்டுவிடுவது குடும்பத்தாருக்கும் செவிலியருக்கும் எளிது. ஆயினும் அதே வீக்கம், கருவுற்ற 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் உயர்ந்து, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் வெளியேறி, தாயின் உயிருக்கே ஊறு செய்யும் முன்சூல்வலிப்பு நோயோடு சேர்ந்து வந்ததாகவும் இருக்கலாம். முகமும் கைகளும் வீங்கியுள்ளனவா, தலைவலியோ பார்வை மங்கலோ உண்டா என்று விசாரித்து, அழுத்தம் 140/90ஐ எட்டினால் தாமதமின்றி மேல்சிகிச்சைக்கு அனுப்புவதே இங்கு வேண்டப்படும் திறன். பார்வை மங்கலைக்கூட நெசவின் கண் அயர்ச்சி என்று ஒதுக்கிவிட வாய்ப்புள்ள ஊர் இது என்பதை மறத்தலாகாது.

இரத்தசோகையும் அத்தகையதே. கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை, 7க்குக் குறைந்தால் கடுஞ்சோகை என்பது எல்லோருக்கும் தெரிந்த அளவு. சோர்வு தறியால் வந்தது என்று அப்பெண்ணே நம்பியிருக்கும்போது, அவரை இரும்புச்சத்து மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்ள வைப்பது, அளவு அறிவதினும் அரிய பணி. சேலைக் கணக்கில் கூலி பெறும் குடும்பத்துக்கு, நிலையத்தில் காத்திருக்கும் அரைநாள் வருமான இழப்பாகும். ஆகவே தறி நிற்கும் வேளையை அறிந்து வீட்டுக்குச் செல்வதும் பணித்திறனின் பகுதியாகவே எண்ணப்பட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கான அரசின் பிக்மி இணையப் பதிவில் எடையும் அழுத்தமும் சோதனை முடிவும் ஏறுகின்றன. தாயைத் தொடர்ந்து கண்காணிக்க அப்பதிவு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும், எந்தக் கேள்வியைக் கேட்டு, எதை ஐயுற்று அந்த முடிவு எட்டப்பட்டது என்பதை எண்கள் மட்டும் காட்டிவிடா. அதை அறிய, மேற்பார்வை செய்யும் பகுதி சுகாதார செவிலியர் பதிவேட்டைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், கிராம சுகாதார செவிலியருடன் தறி வீட்டுக்கே சென்று, அவர் கேட்பதையும் கேட்கத் தவறுவதையும் உடனிருந்து கவனிக்க வேண்டும்.

(தொடரும்)