கல்லீரலைக் காக்கும் கவசம்

நாட்பட்ட கடலை எண்ணெயை முகர்ந்து பார்த்திருப்பீர்கள். அதிலே ஒருவிதக் காறல் வாடை வீசும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் எண்ணெயின் மூலக்கூறுகளோடு கூடி அவற்றைச் சிதைப்பதே அதற்குக் காரணம். சிதைந்த ஒன்று அடுத்ததைத் தாக்குகிறது. அது மற்றொன்றைத் தாக்குகிறது. இத்தொடர்வினையை இடைமறித்து நிறுத்தும் பொருள்களுக்கு ஆக்ஸிகரணத் தடுப்பான்கள் என்று பெயர். எண்ணெய்ப் பாத்திரத்தில் நிகழும் இதே வினை மனிதனுடைய கல்லீரலுக்குள்ளும் நிகழக்கூடும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

வயிற்றின் வலப்புறத்தில், விலா எலும்புகளின் மறைவில், ஏறக்குறைய 1.5 கிலோகிராம் எடையுடன் அமைந்திருப்பது கல்லீரல். அதனை உடலின் சுங்கச்சாவடி எனலாம். குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருள்களில் பெரும்பாலானவை முதலில் அங்கேதான் செல்கின்றன. வேண்டாதவற்றை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றி வெளியேற்றுவது அதன் தொழில். ஆயினும் சில வேளைகளில் இந்த மாற்றமே தீங்காய் முடிகிறது.

கார்பன் டெட்ராகுளோரைடு என்ற திரவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் ஆடைகளின் எண்ணெய்க் கறையைப் போக்கவும், தீயை அணைக்கவும் அது பயன்பட்டது. கல்லீரலிலுள்ள ஒரு நொதி, அதன் நான்கு குளோரின் அணுக்களில் ஒன்றைப் பிரித்துவிடுகிறது. எஞ்சிய துண்டு, துணையற்ற எலக்ட்ரான் ஒன்றுடன் நிற்கிறது. துணை தேடும் அவ்வேகத்தில் உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்பை அது தாக்குகிறது. பிறகு நிகழ்வது நாம் முன்னே கண்ட காறலேதான். எலிகளிடம் நடத்திய சோதனைகளில், வைட்டமின் ஈ போன்ற தடுப்பான்களை முன்னதாகக் கொடுத்தபோது இச்சேதம் குறைந்ததை விஞ்ஞானிகள் கண்டனர்.

எலிக்குச் சரி, மனிதனுக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையே அதற்கு விடை கூறும். உரிய அளவில் அது நல்ல மருந்து. அதன் பெரும்பகுதி தீங்கின்றிச் சிறுநீரில் வெளியேறுகிறது. ஒரு சிறு பகுதியை மட்டும் கல்லீரல் நச்சுப்பொருளாக மாற்றிவிடுகிறது. அதனை உடனே பற்றி அடக்குவதற்குக் குளுட்டாதயோன் என்னும் காவற்பொருள் அங்கே காத்திருக்கிறது. இது குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசீன் என்ற மூன்று அமினோ அமிலங்களால் ஆனது. உடலே ஆக்கிக்கொள்ளும் சிறந்த ஆக்ஸிகரணத் தடுப்பான். மருந்து அளவு மீறினால் இக்கையிருப்பு தீர்ந்துபோகிறது. பிறகு நச்சு, உயிரணுவின் புரதங்களையே பற்றிக்கொள்கிறது, உயிரணுக்கள் மடிகின்றன.

இக்கேட்டினைப் பற்றிய செய்தி 1966இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அது நிகழும் விதத்தை 1973இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் விளக்கினர். தீர்ந்த கையிருப்பை எவ்வாறு நிரப்புவது? குளுட்டாதயோனையே கொடுத்தால் அது உயிரணுவுக்குள் எளிதில் புகுவதில்லை. ஆகவே, அதனை ஆக்குவதற்கு வேண்டிய சிஸ்டீனைத் தரும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தை எடின்பரோவில் பிரெஸ்காட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1970களில் கையாண்டனர். கெட்டிச் சளியை இளக்குவதற்கென முன்பே வழங்கி வந்த மருந்து அது! எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறக்குறைய அனைவருடைய கல்லீரலும் காக்கப்படும் என்று தெரிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அளவு மீறிய முதல் நாளில் சிறிது குமட்டல் தோன்றலாம். ஒன்றுமே தோன்றாமலும் இருக்கலாம். சேதம் வெளிப்படுவதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். நலமாகத்தானே இருக்கிறோம் என்று காத்திருப்பவர், காக்கக்கூடிய நேரத்தையே இழந்துவிடுகிறார். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரு மாத்திரைகளை உண்பவர், இரண்டிலும் பாராசிட்டமால் இருப்பதை அறியாமல் அளவு மீறுவதும் உண்டு. ஐயம் எழுந்தால் அந்நொடியே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

அப்படியானால் தடுப்பான்களை நாள்தோறும் மாத்திரையாக விழுங்கலாமா? கூடாது. சோதனை எலிக்கு உதவியதெல்லாம் மனிதனுக்கு உதவியதில்லை. பச்சைத் தேயிலையின் செறிந்த சாறு அடங்கிய மாத்திரைகளே சிலருடைய கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன. உரிய பொருளை, உரிய அளவில், உரிய காலத்தில் கொடுத்தால்தான் அது கவசம். மாத்திரையை வாயிலிடுமுன் அதன் உறையைப் படித்துப் பார்க்கும் பழக்கமோ, எக்காலத்துக்கும் ஏற்ற கவசம்.