கழுகுக்கு வழிவிடும் காற்றாலை

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் புகைவண்டி ஆரல்வாய்மொழியைக் கடக்கும்போதும், பெங்களூரிலிருந்து ஹூப்ளி செல்லும் சாலை சித்திரதுர்க்கத்துக் குன்றுகளை அணுகும்போதும் நாம் காற்றாலைகளைக் காண்கிறோம். அவற்றின் இறக்கைகள் சோம்பலாகச் சுழல்வது போலத் தோன்றும். ஆயினும் பெரிய காற்றாலையில் இறக்கையின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லக்கூடும். நம் கண்ணை ஏமாற்றும் இவ்வேகம் பறவையையும் ஏமாற்றுகிறது.

கூரிய பார்வைக்குப் பெயர்பெற்ற கழுகுக்கு இத்துணைப் பெரிய கோபுரம் தெரியாதா என நேயர்கள் கேட்கலாம். இரை தேடும் கழுகு தலையைக் கவிழ்த்து நிலத்தையே நோக்கிப் பறக்கிறது. பிணந்தின்னிக் கழுகுகள் அவ்வாறு பறக்கையில் எதிரேயுள்ள வெளி அவற்றின் பார்வைக்கு உட்படுவதில்லை என 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று.

கோயம்புத்தூரிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தார் கர்நாடகத்து ஹரப்பனஹள்ளியில் ஓராண்டுக் காலம் இறந்த பறவைகளைத் தேடினர். ஆண்டிற்கு ஒரு காற்றாலைக்கு 0.466 பறவை என்று அவர்கள் மதிப்பிட்டனர். அதாவது இரண்டு காற்றாலைக்கு ஏறத்தாழ ஒரு பறவை. தொகை சிறிதே. ஆனால் ஆண்டிற்கு ஓரிரு முட்டையே இடும் பெருங்கழுகினத்திற்கு அச்சிறு தொகையும் பேரிழப்பாகலாம்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 14 பொன்னிறக் கழுகுகள் மாண்டமைக்காக, 2013இல் ஒரு மின் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. பின்னர் அங்கே அமைக்கப்பட்டதுதான் காமிராக் காவல். ஒரு கம்பத்தின் உச்சியில், எட்டுத் திக்கும் நோக்கி எட்டுக் காமிராக்கள் அசையாது நிற்கும். வானில் ஏதேனும் நகர்ந்தால், நடுவிலுள்ள இரட்டைக் காமிரா அப்பக்கம் திரும்பி அதனைப் பின்தொடரும். நம் இரு கண்களும் தொலைவை உணர்வது போலவே, இரு காமிராக்களின் படங்களையும் ஒப்பிட்டுக் கணிப்பொறி தொலைவை அளக்கிறது. முன்பே கற்பிக்கப்பட்ட ஏராளமான படங்களைக்கொண்டு வருவது காக்கையா கழுகா எனத் தேர்கிறது. கழுகு அபாய எல்லைக்குள் புகுமாயின், அந்த ஒரு காற்றாலைக்கு மட்டும் நிறுத்த ஆணை செல்லும். இறக்கைகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிச் சுழற்சி தளரும். கழுகு கடந்ததும் மீண்டும் சுழலத் தொடங்கும்.

கழுகுகளின் இறப்பு இதனால் 82 விழுக்காடு குறைந்தது என 2021இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதே கணக்கை மீண்டும் ஆராய்ந்த வேறு அறிஞர்கள், அவ்வாறு துணிவதற்குப் போதிய சான்று இல்லை என 2023இல் மறுத்தெழுதினர். கருவியை விற்போர் முதலாவதை மட்டுமே எடுத்துரைப்பர். நாம் இரண்டையும் நினைவிற் கொள்வது நலம்.

மோதல் ஒன்று மட்டுமே தீங்கன்று என்பதை நம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த மரியா தாக்கரும் அவர்தம் துணைவரும் 2018இல் புலப்படுத்தினர். அவர்கள் ஆராய்ந்த இடம் மராட்டிய மாநிலத்துச் சாத்தாரா அருகிலுள்ள சால்கேவாடிப் பீடபூமி. காற்றாலைகள் உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. அவற்றிற்கு இரையாகும் ஓணான்களோ பெருகியிருந்தன. மனிதரை அணுகவிடும் அளவுக்கு அச்சம் நீங்கியும், உடல் மெலிந்தும் காணப்பட்டன. பறவைகள் விலகிச் சென்றுவிட்ட வானத்தில் காமிராவுக்கு யாது வேலை?

ஆகவே இடத்தைத் தேர்வதே முதற் காரியம். ஆனால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் காற்றாலை இடம்பெறவில்லை. அறிவிக்கைகளை மொழிபெயர்த்தே காலங்கழிக்கும் நம் போன்றோர்க்கு, அட்டவணையில் ஒரு சொல் இல்லாமையின் பொருள் நன்கு விளங்கும். வனநிலமாயின் தனி அனுமதி வேண்டும். புல்வெளிக்கும் தரிசுக்கும் பெரும்பாலும் அதுவுமில்லை. கோபுரம் எழுமுன்பே இக்காமிராக்களைக் குன்றின்மேல் ஓராண்டு நிறுத்தி, எப்பருவத்தில் எப்பறவை எவ்வழி செல்கிறது எனக் கணக்கெடுக்கலாம். அவ்வழியில் ஐந்தாறு காற்றாலைகளை விலக்கி வைப்பது, பின்னர் நாள்தோறும் நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதைக் காட்டிலும் செலவு குறைந்ததாகவே இருக்கும் என்பது நம் கருத்து.